26 வருடத்துக்கு முன் விற்ற காரைத் தேடிப் பிடித்து மறுபடி வாங்குவது எப்படி

1987-இல் என் பெயரில் வாங்கி 1999-இல் விற்ற பிரீமியர் பத்மினி, 2025 டிசம்பரில் மறுபடி என் பெயருக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில் தேட ஆரம்பித்தேன். வண்டி நிற்கும் இடம் ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது. மீதி எட்டு மாதமும் காகிதத்துக்காக அலைந்ததுதான். எங்கே போவது, யாரிடம் எதைக் கேட்பது என்று சொல்ல ஆள் இல்லாமல் ஒவ்வொன்றையும் முட்டி மோதித் தெரிந்துகொண்டேன். நீங்களோ உங்கள் அப்பாவோ ஒரு காலத்தில் வைத்திருந்த பத்மினியோ அம்பாசடரோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ எங்கோ ஒரு கொட்டகையில் நிற்கிறது என்று கேள்விப்பட்டால், அட்வான்ஸ் கொடுக்கப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் பதிவான சொந்த உபயோகக் கார்களை வைத்துத்தான் எழுதுகிறேன்.

1. முதலில் வீட்டுப் பரணைத் தேடுங்கள், சேஸிஸ் எண் வேண்டும்

எல்லோருக்கும் வண்டி எண் மனப்பாடமாக இருக்கும். அதை மட்டும் நம்பித் தேடாதீர்கள். வண்டி வேறு மாநிலத்துக்குப் போய் அங்கே மறுபதிவு ஆகியிருந்தால் புது எண் கொடுத்திருப்பார்கள். நீங்கள் பழைய மூன்றெழுத்து எண்ணை வைத்துத் தேடிக்கொண்டே இருப்பீர்கள், வண்டி கேரளப் பதிவெண்ணோடு பக்கத்துத் தெருவிலேயே நின்றாலும் உங்களுக்குத் தெரியாது. மாறாமல் இருப்பது வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண் ஒன்றுதான். இன்ஜின் எண்கூட இன்ஜினை மாற்றினால் மாறிவிடும்.

ஆர்.சி. புத்தகத்தை விற்கும்போதே கொடுத்திருப்பீர்கள். ஆனால் சேஸிஸ் எண் வேறு பல காகிதங்களிலும் இருக்கும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி, வாங்கியபோது கொடுத்த இன்வாய்ஸ், வங்கிக் கடன் வாங்கியிருந்தால் அதன் ஒப்பந்தம், விற்றபோது எழுதிக்கொண்ட பத்திரத்தின் நகல், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். எனக்கு 1994-ஆம் வருடத்து இன்ஷூரன்ஸ் பாலிசியில் கிடைத்தது. கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் மடித்து வைத்திருந்தேன்.

வண்டியோடு எடுத்த பழைய புகைப்படங்களையும் எடுத்து வையுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என் வண்டியின் டேஷ்போர்டில், ரேடியோ வைக்கத் துளை போட்டுவிட்டு அப்புறம் வேண்டாம் என்று அடைத்த தடம் ஒன்று இருந்தது. பின்னால் அதுதான் கை கொடுத்தது.

2. வண்டி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

மத்திய போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் இணையதளத்திலோ எம்பரிவாஹன் செயலியிலோ பழைய எண்ணைப் போட்டுப் பாருங்கள். மூன்று விதமான பதில் வரலாம்.

விவரம் வந்துவிட்டால் நல்லது. உரிமையாளர் பெயரை மறைத்துப் பாதிதான் காட்டும். அது போகட்டும், பதிவு எதுவரை செல்லும், இன்ஷூரன்ஸ் எப்போது முடிந்தது, எந்த அலுவலகத்தின் கீழ் இருக்கிறது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவு ரத்து என்று வந்தால், சாலையில் ஓட்டும் ஆசையை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஞாபகத்துக்காக வாசலில் நிறுத்தி வைப்பது வேறு விஷயம்.

எதுவுமே வரவில்லை என்றால் சோர்ந்துபோகாதீர்கள், எனக்கும் அப்படித்தான் வந்தது. கணினி வருவதற்கு முன் பதிவான வண்டிகளின் விவரம் பல அலுவலகங்களில் இன்னும் பழைய பதிவேட்டில்தான் இருக்கிறது. அதைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு பேக்லாக் என்ட்ரி என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கவுன்டரில் இதைச் சொன்னால்தான் புரிந்துகொள்கிறார்கள். இன்னொன்று, 80-களில் ஒரே ஆர்.டி.ஓ. அலுவலகமாக இருந்தது இப்போது இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கலாம். பதிவேடு பழைய அலுவலகத்திலேயே தங்கியிருக்கும், வண்டியின் முகவரி புது அலுவலகத்தில் வரும். நான் இரண்டுக்கும் நடுவில் நான்கு தடவை போய் வந்தேன். நீங்கள் முதலில் பதிவான அலுவலகத்துக்கே நேராகப் போங்கள். ஆர்.சி. பர்ட்டிகுலர்ஸ், அதாவது வண்டியின் பதிவு விவரம், வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். முன்னாள் உரிமையாளர் என்பதற்கு ஏதாவது ஒரு காகித ஆதாரத்தையும் உங்கள் ஆதார் நகலையும் கூடவே வையுங்கள். இப்போதைய உரிமையாளரின் முகவரி கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், அது அவருடைய சொந்தத் தகவல். தடையின்மைச் சான்று வாங்கி வேறு மாநிலம் போய்விட்டதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

3. மனிதர்களைப் பிடியுங்கள்

உண்மையில் வண்டியைக் கண்டுபிடித்துக் கொடுப்பது மெக்கானிக்குகள்தான். பழைய காரை ஒரே ஆளிடம் விட்டுப் பார்ப்பதுதான் நம் ஊர் வழக்கம். உங்கள் பழைய மெக்கானிக் இல்லாவிட்டாலும் அவரிடம் தொழில் கற்ற பையன்கள் இப்போது சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பார்கள். அதே மாதிரி டிங்கரிங் செய்பவர், சீட் தைப்பவர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். என் வண்டியை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் ஒரு பேட்டரிக் கடைக்காரர். பத்து வருடத்துக்கு முன் புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு பேட்டரி போடப் போனபோது, உள்ளே கொட்டகையில் என் வண்டி நிறத்திலேயே ஒரு பத்மினி நின்றதாகச் சொன்னார்.

சமூக வலைதளங்களில் கேட்பதாக இருந்தால் மாடல், வருடம், நிறம் மட்டும் போடுங்கள். சேஸிஸ் எண்ணைப் போடாதீர்கள். அதை நீங்களே வெளியிட்டுவிட்டால், வருகிறவன் சொல்வது உண்மையா என்று சோதிக்க உங்களிடம் வேறு எதுவும் இருக்காது. எனக்கு ஒருவர் போட்டோ அனுப்பி, இதுதான் உங்கள் வண்டி, 10,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்புங்கள் என்றார். அதே நிறம், அதே வருட மாடல். சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டேன், அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை.

4. நேரில் பார்க்கும்போது

பழைய வண்டியைப் பார்த்ததும் மனசு இளகிவிடும். என் மகளைப் பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்த வண்டியில்தான், பின் சீட்டைத் தொட்டுப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால் சொல்கிறேன், உணர்ச்சி இல்லாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போயிருந்தேன். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தரைக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்க வேண்டியவை இவை. பானெட்டைத் திறந்தால் தெரியும் தகட்டில் உள்ள எண்ணும், உடலில் பொறித்த சேஸிஸ் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தகட்டை எடுத்து வேறு வண்டியில் அடித்துவிடலாம், ஆகவே பொறித்த எண்தான் முக்கியம். துருவை மெதுவாகத் துணியால் துடைத்துவிட்டு, வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இந்த பென்சில் பதிவைக் கேட்பார்கள், அதனால் மூன்று நான்கு பிரதி எடுத்து வையுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ, மற்ற இடத்தைவிட வழவழப்பாகத் தேய்த்த தடமோ இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் இன்ஜினைப் போட்ட அம்பாசடர்கள் ஏராளம், கேஸ் கிட் மாட்டிய வண்டிகளும் உண்டு. மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் சிக்கல் இல்லை. ஏற்றாமல் விட்டிருந்தால் ஆய்வின்போது அங்கேயே நிறுத்திவிடுவார்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது.

துரு விஷயத்தில் பத்மினிக்கு ஒரு தனி எச்சரிக்கை. இதில் லாரி மாதிரி அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும் மக்கிப்போயிருந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியின் முதுகெலும்பே போய்விட்டது என்று அர்த்தம். இன்ஜின் ஓடாவிட்டால்கூடப் பரவாயில்லை. 1089 சி.சி. இன்ஜினை எளிதில் பிரித்துச் சரி செய்துவிடலாம், தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் வண்டி எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண் கொடுத்து அது திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் நகலையும் பதிவிறக்கிக் கோப்பில் வையுங்கள்.

5. வண்டி யார் பெயரில் இருக்கிறது?

இந்தப் படியில்தான் எனக்கு ஐந்து மாதம் போனது. வண்டி யார் வீட்டில் நிற்கிறது என்பது வேறு, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்பது வேறு. சட்டத்தின் கண்ணில் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர்.

முதல் வகை, கையில் வைத்திருப்பவர் பெயரிலேயே ஆர்.சி. இருக்கிறது. அதிர்ஷ்டசாலி நீங்கள், அடுத்த படிக்குப் போய்விடலாம்.

இரண்டாவது வகை, ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரிலேயே, அல்லது உங்கள் அப்பா பெயரிலேயே இருக்கிறது. விற்ற பிறகு வாங்கியவர் மாற்றவே இல்லை. கேட்க சந்தோஷமாக இருக்கும், ஆனால் இத்தனை வருடமும் அந்த வண்டி யார் மீதாவது மோதியிருந்தால் நஷ்ட ஈட்டுக்கு உங்களையே தேடி வந்திருப்பார்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே நிலுவையில் வழக்கோ அபராதமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதோடு, நீங்கள் விற்றுப் பணம் வாங்கிய வண்டி அது. பெயர் என்னுடையது என்று சொல்லி உரிமை கொண்டாடாதீர்கள், வைத்திருப்பவருக்கு நியாயமான விலையைக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது வகை, ஆர்.சி. உரிமையாளர் இருக்கிறார், ஆனால் வண்டி இரண்டு மூன்று கை மாறிவிட்டது. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30-ஐ நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டு வாங்கி வைத்தே வண்டியைக் கை மாற்றியிருப்பார்கள். ஆர்.சி. உரிமையாளரைக் கண்டுபிடித்துப் புதிதாகக் கையெழுத்து வாங்குவதுதான் பாதுகாப்பு. ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது அவருடைய செல்பேசிக்கு ஓ.டி.பி. போகும். பழைய வண்டிகளில் செல்பேசி எண்ணே பதிவாகியிருக்காது, முதலில் அதைப் பதிய வேண்டும். அதற்கும் சேஸிஸ் எண் கேட்கும்.

நான்காவது வகை என்னுடையது. 1999-இல் என்னிடம் வாங்கியவர் ஒழுங்காகத் தன் பெயருக்கு மாற்றியிருந்தார். 2010-இல் தன் நண்பரான ஆலைக்காரருக்குக் கொடுத்தார், வெற்று ஃபார்மில் கையெழுத்து மட்டும் போட்டு. 2013-இல் என்னிடம் வாங்கிய அந்த மனிதர் இறந்துவிட்டார். ஒரு புரோக்கர் என்னிடம், "அந்த ஃபார்ம்ல தேதி போட்டுக் குடுங்கம்மா, நான் முடிச்சுத் தர்றேன், யாரு பாக்கப் போறா" என்றார். செய்யாதீர்கள். இறந்தவர் விற்றதாகக் காட்டுவது மோசடி. இன்றைக்குத் தப்பினாலும் நாளை வாரிசு ஒருவர் ஒரு புகார் கொடுத்தால் போதும், வண்டியும் போகும், உங்கள் பெயரும் கெடும்.

சரியான வழி இதுதான். இறப்புச் சான்றிதழ் வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வேண்டும், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் தாசில்தார் கொடுப்பார். வாரிசுகளில் ஒருவர் பெயருக்கு ஃபார்ம் 31 மூலம் வண்டியை மாற்ற வேண்டும், மற்ற வாரிசுகள் ஆட்சேபனை இல்லை என்று நோட்டரி முன் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் அந்த வாரிசு ஃபார்ம் 29, 30-இல் உங்களுக்கு விற்க முடியும். அந்தக் குடும்பத்தில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். இளைய மகன் சிங்கப்பூரில். அவர் தன் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி, அங்குள்ள இந்திய ஹைகமிஷனில் சான்று பெற்று அனுப்ப வேண்டியிருந்தது. வெளிநாட்டில் கையெழுத்தான அதிகாரப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயர் எழுத்துப்பிழையோடு வந்ததால் எனக்குக் கூடுதலாக ஆறு வாரம் போனது. வாங்கும்போதே ஒவ்வொரு எழுத்தையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போனபோது, இது என் பழைய வண்டி என்பதை மறைக்காமல் சொன்னேன். சொன்னால் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று பலரும் பயமுறுத்தியிருந்தார்கள். அந்த அம்மாள் பழைய போட்டோவைப் பார்த்துவிட்டு, "அவரு இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு, எடுத்துக்கங்க" என்றார். அவர்கள் நான்கு பேரும் அத்தனை கையெழுத்துக்கும் அலுக்காமல் ஒத்துழைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். வண்டிக்குப் பேசிய பணம், கொடுத்து வாங்கிய ஆலைக்காரருக்குத்தான் போனது, அதற்கும் குடும்பத்தார் சம்மதம் எழுதிக் கொடுத்தார்கள்.

6. பணம் கொடுக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்

பழைய காரில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பதிவு காலாவதியான வண்டியைப் புதுப்பிக்க, அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து ஆய்வுக்குக் காட்ட வேண்டும். புதுப்பிக்காமல் பெயர் மாற்ற மாட்டோம் என்றார்கள் எனக்கு. அப்படியென்றால் வண்டி உங்கள் பெயருக்கு வருவதற்கு முன்பே லட்சக்கணக்கில் அதில் செலவழித்திருப்பீர்கள். நடுவில் யாராவது மனம் மாறினால்?

ஆகவே முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போடுங்கள். எல்லா வாரிசுகளும், கையில் வைத்திருப்பவரும், நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். சேஸிஸ் எண், இன்ஜின் எண், மொத்த விலை, இப்போது கொடுக்கும் தொகை, பெயர் மாறிய பின் கொடுக்கும் தொகை, பெயர் மாறாவிட்டால் பழுதுபார்த்த செலவைப் பில்லோடு திருப்பித் தர வேண்டும் என்ற வரி, இவை கட்டாயம். நான் விலையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலில் கொடுத்தேன். பணத்தை வங்கி மூலமே கொடுங்கள்.

7. வண்டியை எடுத்து வருவதும் பழுதுபார்ப்பதும்

ஓட்டிக்கொண்டு வர ஆசைப்படாதீர்கள், கட்டி இழுத்தும் வராதீர்கள். பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாத வண்டி சாலையில் இறங்கக் கூடாது. இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு மட்டும் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ சிறையோ உண்டு, விபத்து நடந்தால் மொத்த நஷ்ட ஈடும் உங்கள் தலையில். ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள். எனக்கு 8,500 ரூபாய் ஆனது.

ஆய்வுக்குத் தேவையானதை மட்டும் முதல் கட்டமாகச் செய்யுங்கள்: பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்குகள், ஹாரன், வைப்பர், கண்ணாடி, புகை. பெயின்டும் சீட் துணியும் பெயர் மாறிய பிறகு. வருடக்கணக்கில் நின்ற இன்ஜினில் உடனே சாவியைப் போட்டுத் திருகக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோல் போகும் ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டுகளையும் முழுதாக மாற்றிவிடுங்கள், இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை அந்தக் காலத்து ரப்பர் தாங்காது. பிரேக்கில் நான்கு வீல் சிலிண்டரும் மாஸ்டர் சிலிண்டரும் புதிதாகப் போட்டோம். உதிரி பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நாள் மெக்கானிக்கோடு போய் வந்தது நல்ல முடிவு. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள், பெயரைச் சொல்லி வாங்கினால் அளவு மாறிவிடும்.

8. ஆர்.டி.ஓ. அலுவலகம்: வரிசை, கட்டணம், நாள்

என் வண்டிக்கு நடந்த வரிசை: பேக்லாக் என்ட்ரி, ஃபார்ம் 31 மூலம் மூத்த மகன் பெயருக்கு மாற்ற விண்ணப்பம், அதோடு ஃபார்ம் 25 மூலம் பதிவு புதுப்பித்தல், ஆய்வு, அப்புறம் ஃபார்ம் 29, 30 மூலம் எனக்கு. உங்கள் அலுவலகத்தில் வரிசை சற்று மாறலாம், கண்காணிப்பாளரைப் பார்த்து முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகம் தொலைந்திருந்தால் போலீஸ் புகாரோடு ஃபார்ம் 26. பழைய வங்கிக் கடன் ஆர்.சி.யில் அப்படியே இருந்தால் வங்கியின் கடிதத்தோடு ஃபார்ம் 35. கடன் எப்போதோ கட்டி முடித்திருப்பீர்கள், ஆர்.சி.யில் அதை நீக்கியிருக்க மாட்டார்கள். வங்கியே வேறு வங்கியோடு இணைந்துபோயிருந்தால் இதற்கே ஒரு மாதம் ஒதுக்குங்கள். வண்டி வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே ஃபார்ம் 28 மூலம் தடையின்மைச் சான்று, இங்கே ஃபார்ம் 27 மூலம் புது எண், வரியும் இங்கே கட்ட வேண்டும்.

கட்டணம். பெயர் மாற்றக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். புதுப்பித்தல்தான் கடிக்கும். 20 வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு 2025 ஆகஸ்டில் 5,000-த்திலிருந்து 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். வாரிசுச் சான்றிதழில் அந்த எழுத்துப்பிழை இல்லாவிட்டால், ஏற்றுவதற்கு முன்பே கட்டி எனக்குப் பாதிப் பணத்தில் முடிந்திருக்கும். இதற்கு மேல் தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று விதி இருக்கிறது, நான்கு வருடத் தாமதம் என்றாலே 24,000. எத்தனை மாதத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள் என்பதை வண்டி விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், விலையைக் குறைத்துப் பேச அதுவே பெரிய காரணம். பசுமை வரியும், ஆயுள்கால வரி கட்டாத வண்டி என்றால் வரி நிலுவையும் தனி. பழைய வரி ரசீது ஒன்று கிடைத்தாலும் பத்திரமாக வையுங்கள்.

ஆய்வுக்கு முன் இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படை பிரீமியம் 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரை உள்ள காருக்கு 3,416 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. பத்மினியும் 1489 சி.சி. அம்பாசடரும் இதில் வரும். ஹெரால்டு 948 சி.சி. என்பதால் 2,094 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டைப் பெயர் மாறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முகவரியை மிகச் சரியாகக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து ஆர்.சி. விரைவு அஞ்சலில்தான் வருகிறது. வீடு பூட்டியிருந்து திரும்பிப் போனால் மறுபடி அலைச்சல்.

9. வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்தால்

2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்து, அசல் நிலை மாறாமல் இருக்கும் காரை வின்டேஜ் வண்டியாகப் பதியலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், அப்புறம் மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். கௌரவமாகத்தான் இருக்கும், ஆனால் அப்படிப் பதிந்தபின் தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரியான காரணங்களுக்கு மட்டும்தான் சாலைக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போக வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் சாதாரணப் புதுப்பித்தலே நல்லது. 1987-இல் நான் வாங்கியது 1981 மாடல் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி எழவில்லை.

10. பெயர் மாறிய அன்று

விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது உள்மாநில விற்பனைக்கான சட்டம். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்தப்படி பாக்கித் தொகையைக் கொடுத்து, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக எல்லோரிடமும் எழுதி வாங்குங்கள்.

எனக்கு ஆன கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வண்டிக்கு 70,000, முதல் கட்டப் பழுதுக்கு 1,42,000, கட்டணம், முத்திரைத்தாள், நோட்டரி, இன்ஷூரன்ஸ், பயணம் எல்லாம் சேர்த்துக் காகிதத்துக்கு மட்டும் 40,000-க்கு மேல். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. புது ஆர்.சி. டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. மறுநாள் முழுத் தொகையையும் தீர்த்துவிட்டு, அந்த அம்மாளையும் ஆலைக்காரரையும் பின் சீட்டில் உட்காரவைத்து, ஆலையிலிருந்து மெயின் ரோடு வரை போய் வந்தோம். மூன்றாவது கியர் கொஞ்சம் சத்தம் போடுகிறது, பொங்கலுக்குப் பிறகு பெட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.